குழுவுக்கு வெளியே நிற்பவர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் சந்தா தவறுவதில்லை, வங்கிக் கடனும் ஒழுங்காக அடைகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் தெருக்கோடியில் இருக்கும், கணவரை இழந்த அந்த அம்மாவைச் சேர்த்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. ‘அவரால் தவணை கட்ட முடியாது’ என்கிறார்கள். இது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள்.

குழுப் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒருவர் தவணை தவறினால் சுமை மற்றவர்கள் தலையில் விழும். 1989-இல் தருமபுரியில் வேர்விட்ட இந்தக் குழுக்கள், வங்கி வாசலை மிதித்திராத எத்தனையோ பெண்களுக்குக் கடனும் துணிவும் தந்தன. ஆனால், நாளைய சோற்றுக்கே வழியில்லாதவர் கையில் கடன் பணம் சேர்ந்தால் அது அரிசியாகவும் மருந்தாகவும் கரைந்துபோகும். வட்டி மட்டும் மிஞ்சும். அவருக்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழியை வங்கதேசத்தில் தேடிக் கண்டார்கள். ஃபஸ்லே ஹசன் அபேத் 1972-இல் தொடங்கிய ‘பிராக்’ தொண்டு நிறுவனம் ஊர் ஊராகச் சிறுகடன் கொடுத்துவந்தது. ஆனால் பரம ஏழைகள் அந்தக் கடன் பக்கமே வரவில்லை. எனவே 2002-இல், ரங்பூர், குரிகிராம் முதலான வடக்கு மாவட்டங்களில், அவர்களுக்கென்றே தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நடவு முடிந்து அறுவடை வரும்வரை கூலி வேலை கிடைக்காமல் ஆண்டுதோறும் பட்டினி வரும் பகுதி அது. அந்தப் பட்டினிக் காலத்தை அங்குள்ளவர்கள் ‘மொங்கா’ என்பார்கள்.

முதல் வேலை, யார் ஏழை என்பதை ஊரையே சொல்லவைப்பது. மக்கள் கூடித் தரையில் ஊரின் படம் வரைந்து, ஒவ்வொரு வீட்டையும் குறித்து, வசதிப்படி வரிசைப்படுத்தினார்கள். பிறகு ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். பத்து சென்டுக்கும் குறைவான நிலம், சம்பாதிக்கும் ஆண் துணை இல்லாமை, பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை வேலைக்குப் போவது போன்றவை அடையாளங்கள்.

தேர்ந்தெடுத்த பெண்ணுக்கு மாடோ ஆடோ கொடுத்தார்கள். அது கடன் அல்ல, அவருக்கே சொந்தம். வருமானம் வரும்வரை பசியில் அதை விற்றுவிடாதிருக்க, ஆரம்ப மாதங்களில் வாராந்தர உதவித்தொகை. கூடவே வளர்ப்புப் பயிற்சி, சேமிப்பு, வைத்திய உதவி. ஊரில் வசதியுள்ளவர்களையும் சேர்த்து ஒரு பாதுகாப்புக் குழு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓர் ஊழியர் தவறாமல் வீடு தேடி வந்து விசாரித்தார்.

பலன் கிடைத்ததா? 1,309 கிராமங்களில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், இப்பெண்கள் கூலி வேலையிலிருந்தும் வீட்டு வேலையிலிருந்தும் கால்நடை வளர்ப்புக்கு மாறி, வருமானமும் கூடியது தெரிந்தது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இதே முறையைச் சோதித்ததன் முடிவு 2015-இல் வெளிவந்தது. ஐந்து நாடுகளில் செலவைவிடப் பலன் அதிகம். ஹோண்டுராஸில் மட்டும் இல்லை. அங்கே பலருக்குக் கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போயின. எதைக் கொடுக்கிறோம், அது அந்த மண்ணில் பிழைக்குமா என்பதையும் பார்க்கவேண்டும்.

அதே வங்கதேசத் திட்டத்தைப் பற்றி 2022-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கையிலிருக்கும் உடைமை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பெண்கள் மேலும் மேலும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டவர்கள் பழைய நிலைக்கே சரிந்தார்கள். ஆகவே அரைகுறை உதவி அடுத்த பஞ்சத்தில் காணாமற்போகும். ‘கொடுத்தோமே, முன்னேறவில்லையே’ என்று ஏழையைப் பழிக்குமுன், போதுமான அளவு கொடுத்தோமா என்று நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. பீகார் அரசு 2018-இல், மதுவிலக்கால் பிழைப்பிழந்த சாராய, கள் வியாபாரக் குடும்பங்களுக்கும் பிற பரம ஏழைகளுக்கும் இதே முறையைக் கொண்டுவந்தது. அங்கே குழுக்களின் அமைப்பே இவர்களைக் கண்டுபிடித்துத் தருகிறது. தமிழ்நாட்டிலும் புதுவாழ்வுத் திட்டத்தின்போது ஊர் மக்களே கூடி ஏழைகளை அடையாளம் கண்டது பலருக்கு நினைவிருக்கும்.

ஆகவே, அந்த அம்மாவுக்குக் கடன் கொடுக்கச் சொல்லி உங்கள் குழுவோடு சண்டை போடவேண்டாம். முதலில் அவருக்கு விதவை உதவித்தொகை வருகிறதா, மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மனு எழுதிக்கொடுங்கள். அடுத்து, உங்கள் ஊராட்சியின் குழுக் கூட்டமைப்பிலும் கிராம சபையிலும் அவர் நிலையைச் சொல்லி, ஆடோ மாடோ தையல் இயந்திரமோ, அவரால் கையாள முடிந்த ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கிடைத்தபின், உங்களில் ஒருவர் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, கையில் நாலு காசு மிஞ்சியதா என்று கேளுங்கள். அந்த வேலையை அரசு ஆணையால் மட்டும் செய்துவிட முடியாது; அக்கம்பக்கத்தார் செய்யவேண்டியது அது.

இரண்டு ஆண்டுகள் இப்படித் துணைநின்றால், தவணை கட்டும் தெம்போடு அவரே குழுவில் சேரக் கேட்டு வருவார் என்று நம்புகிறேன். தொடங்கியதும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்