மானியம் யாருடைய கைக்குப் போகிறது?

மானியம் என்றதும் நம் நாட்டவர்க்கு உர மானியமே முதலில் நினைவுக்கு வரும். அரசாங்கம் கொடுக்கிறது, விவசாயி பெறுகிறார், அத்துடன் விடயம் முடிந்தது என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் அப்பணம் எதனுடன் இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்க்காமல் அது யாரைச் சேரும் எனக் கூற முடியாது. இதனை விளங்கிக்கொள்ள அமெரிக்கப் பருத்தி மானியம் நல்லதொரு பாடம் என்பது எனது கருத்து.

டெக்ஸாஸ் மாநிலத்தின் மேற்கே, லபக் நகருக்குத் தெற்கில் டோசன் என்றொரு கவுன்டி உள்ளது. கவுன்டி என்பது நமது மாவட்டம் போன்ற ஒரு நிருவாகப் பிரிவு. மழை குறைந்த அச்சமவெளியில் பருத்தியே பிரதான பயிர். 2002ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் இத்தகைய இடங்களின் பருத்திச் செய்கையாளருக்கு மூன்று கொடுப்பனவுகளை வழங்கியது.

1. நேரடிக் கொடுப்பனவு: சந்தை விலை எதுவாயினும் இறாத்தலுக்கு 6.67 சதம்.

2. விலை வீழ்ச்சிக் கொடுப்பனவு: இலக்கு விலை 72.4 சதம். சந்தை விலை வீழ்ந்தால் உச்சமாக 13.73 சதம்.

3. கடன் விலைக் கொடுப்பனவு: உலக விலை 52 சதத்துக்குக் கீழே சென்றால் அந்த வித்தியாசம்.

இதனை ஓர் உதாரணக் கணக்கில் பார்ப்போம். ஒருவர் 1,000 ஏக்கரில் ஏக்கருக்கு 400 இறாத்தல் வீதம் பருத்தி பெறுகிறார். உலக விலை 40 சதம். முதலிரு கொடுப்பனவுகளும் 85 வீதமான காணிக்கே கணக்கிடப்படும். எனவே முதலாவது 22,678 டொலர், இரண்டாவது 46,682 டொலர், மூன்றாவது 48,000 டொலர். மொத்தம் 117,360 டொலர். 40 சத விலைக்குப் பருத்தியை விற்றுப் பெறுவதோ 160,000 டொலர்தான். அதாவது வருமானத்தில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் அரசாங்கப் பணம்.

இனி, இப்பணம் யாருக்கு? முதலிரு கொடுப்பனவுகளும் காணியின் பழைய பருத்திப் பதிவுடன் இணைக்கப்பட்டவை. அவ்வாண்டு பருத்தி பயிரிடாவிட்டாலும் கிடைக்கும். காணிச் சொந்தக்காரர் இதை நன்கறிவார். விளைச்சலில் பங்கு பெறுபவராயின் கொடுப்பனவிலும் அவருக்குப் பங்குண்டு. காசுக் குத்தகையாயின் காசோலை குத்தகைக்காரரின் பெயருக்கே வரும். ஆனால் குத்தகைத் தொகை உயர்ந்து அதில் ஒரு பகுதி சொந்தக்காரரிடம் போய்விடும். காணி விலையும் ஏறும். சொந்தக் காணி இல்லாமல் விவசாயத்தில் இறங்க நினைக்கும் இளைஞருக்கு மானியமே சுமையாகிவிடுகிறது.

மூன்றாவது கொடுப்பனவு விளைச்சலுடன் இணைந்தது. விலை வீழ்ந்தாலும் உற்பத்தி குறையாது. உலக விலை மேலும் அமுங்கும். பெனின், புர்கினா பாஸோ, சாட், மாலி ஆகிய நாடுகள் 2003இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது இதற்காகவே. 2002இல் வழக்குத் தொடுத்த பிரேசில் 2005இல் மேன்முறையீட்டிலும் வென்றது. அமெரிக்காவோ மானியத்தை முற்றாக நிறுத்தாமல், பிரேசில் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 147.3 மில்லியன் டொலர் வழங்க 2010இல் இணங்கியது. 2014இல் மேலும் 300 மில்லியன் கொடுத்து வழக்கை முடித்தது. இரு நாட்டுப் பருத்திக்காரருக்கும் பணம் கட்டியவர் அமெரிக்க வரியிறுப்பாளரே.

2014ஆம் ஆண்டுச் சட்டம் முதலிரு கொடுப்பனவுகளையும் நீக்கியது. ஆயினும் 2018இல் விதை நீக்காத பருத்திக்கு 36.7 சத ஆதார விலையுடன் மானியம் திரும்பி வந்தது. 2025இல் அவ்விலை 42 சதமாக்கப்பட்டது. கணக்கிடும் அடிப்படை இப்போதும் காணிப் பதிவே.

எனவே எந்த மானியம் அறிவிக்கப்பட்டாலும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அது காணிக்கா, விளைச்சலுக்கா, உள்ளீட்டுக்கா என்று கேளுங்கள். காணிக்கு எனில், அடுத்த போகத்துக் குத்தகைப் பேச்சில் அந்தப் பணமும் பேசப்படும் என்பதை உழுபவர் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.