உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது?

செம்பூரில் நான் குடியிருக்கும் சொசைட்டியின் கூட்டம் ஓர் ஏப்ரல் மாதம் நடந்தது. கிணற்று மோட்டார் காற்றை இழுத்தது. டேங்கர் லாரிக்குக் கொடுத்து மாளவில்லை. "இன்னும் ஆழமாக போர் போட்டுவிடலாம்" என்றார்கள். நான் எழுந்து, "போன நவம்பரில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதே கிணற்றுத் தண்ணீரைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய எனக்கும் தெரியாது!

ரயில்வேயில் பாலத் தூண்களில் அபாய மட்டத்தைப் பெயிண்டால் குறித்து வைப்போம். மழைக்காலத்தில் காவலர் அதைக் கண்காணிப்பார். ஆனால் வீட்டுக் கிணற்றில் மட்டம் பார்க்காமலேயே மோட்டாரைப் போடுகிறோம்.

மழை பெய்தும் ஏன் வற்றுகிறது?

மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் நம் காலடியில் இருப்பது பெரும்பாலும் பசால்ட் என்னும் எரிமலைப் பாறை. அதன் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும்தான் நீர் தங்கும். முழுதும் நனைந்த 100 கன மீட்டர் ஆற்று மணலிலிருந்து சுமார் 16 கன மீட்டர் நீர் வடியும். இந்தப் பாறையிலிருந்து சுமார் 2 கன மீட்டர்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 சதுர மீட்டர் மனையின் அடியில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், எடுத்த நீர் 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் இரண்டே லாரி! ஆழத்தில் பொதுவாக வெடிப்புகளும் குறைவு. ஆகவே போரை ஆழமாக்கினால் தண்ணீர் கூடும் என்பதற்கு உறுதியில்லை.

கடலோரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் 1969-இலேயே இது கண்டறியப்பட்டது.

யார் அளக்கிறார்கள்?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் தேர்ந்தெடுத்த கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை மட்டம் பார்க்கிறது: ஜனவரி, மழைக்கு முந்தைய கோடை, ஆகஸ்ட், நவம்பர். கோடைக்கும் நவம்பருக்கும் உள்ள வித்தியாசமே மழை தந்த வரவு. மகாராஷ்டிரத்தில் மழை குறைந்த அகில்யாநகர் (முந்தைய அகமத்நகர்) மாவட்டத்து ஹிவரே பஜார் கிராமத்தார், மழையையும் கிணற்று மட்டத்தையும் பார்த்த பிறகே, அவ்வாண்டு என்ன பயிரிடலாம் என்று ஊர் கூடி முடிவு செய்கிறார்கள்.

நாமே அளக்கலாம்

1. காலையில் மோட்டார் போடுமுன் அளக்கவும். இறைத்தவுடன் அளந்தால் தவறான மட்டமே கிடைக்கும்.

2. கிணற்றுச் சுவரின் மேல் ஓரிடத்தில் பெயிண்டால் குறியிடவும். எப்போதும் அங்கிருந்தே அளக்கவும்.

3. இரும்பு டேப்பின் அடிமுனையில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸ் தடவி, முனை நீரில் மூழ்கும் வரை இறக்கவும். குறிக்கு நேரே, உதாரணமாக, 8.00 மீட்டரைப் பிடிக்கவும்.

4. டேப்பை மேலே எடுத்து நனைந்த நீளத்தைப் பார்க்கவும். அது 0.35 என்றால் நீர் 7.65 மீட்டரில் உள்ளது. சுவரின் உயரம் 0.90 மீட்டரைக் கழித்தால், தரைக்குக் கீழே 6.75 மீட்டர்.

5. தேதியுடன் நோட்டில் எழுதவும்.

குழந்தைகளைத் தனியாக விடக்கூடாது. கிணற்றுக்குள் இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் சொசைட்டியில் புதிய போரை ஓராண்டு தள்ளி வைத்தோம். மொட்டை மாடி மழைநீரை வடிகட்டிக் கிணற்றில் விட்டோம். வாட்ச்மேன் மாதம் ஒருமுறை மட்டம் எழுதுகிறார்; அது இறங்க இறங்க மோட்டார் நேரத்தைக் குறைக்கிறோம். கோடையில் டேங்கர் இன்னும் வருகிறது. ஆனால் எப்போது சொல்ல வேண்டும் என்பது மார்ச்சிலேயே தெரிந்துவிடுகிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த போருக்காக மும்பையிலிருந்து பணம் அனுப்புமுன், அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஓராண்டு அளந்து பாருங்கள்.