களியோடையில் தண்ணீர் அள்ளிய நாட்கள்

களியோடைப் பாலத்தடியிலும் அக்கம்பக்கத்திலும் முதல் நாள் அள்ளிய பன்னிரண்டு போத்தல் தண்ணீரையும் அன்று பின்னேரமே கொட்டிவிட்டேன். தண்ணீரில் குற்றமில்லை. இடத்தையும் நேரத்தையும் பேனையால் எழுதி ஒட்டியிருந்தேன். ஐஸ் உருகி, சம்மாந்துறை ஆய்வுகூடம் போய்ப் பெட்டியைத் திறந்தால் எல்லாப் போத்தலிலும் ஒரே நீலக் கறை. எது பாலத்தடி, எது வாய்க்கால் வந்து சேருமிடம் என்று யாரைக் கேட்பது? அன்றிலிருந்து பென்சில்தான்; நனைந்தாலும் எழுத்து நிற்கும். எழுதுவதையும் மூடியில் எழுதாதீர்கள், போத்தலில் எழுதுங்கள். அவசரத்தில் மூடிகள் மாறிவிடும். இதையும் பட்டுத்தான் சொல்கிறேன்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கடைசி வருட ஆய்வுக்கு இந்த ஆற்றை எடுத்திருந்தேன். பட்டிப்பளை ஆறு என்று பழையவர்கள் சொல்லும் கல்லோயா, பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே 16 கிலோமீற்றரில் கடலில் விழுகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அதை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியது. அங்கிருந்து வயல் வட்டைகளுக்குள் போய்ப் பசளையையும் மருந்தையும் கழுவிக்கொண்டு திரும்பும் வடிச்சல் தண்ணீர் களியோடையில் கலக்கிறது. அதில் நைத்திரேற்று எவ்வளவு என்பதே என் கேள்வி.

மாதாமாதம் 15ஆம் திகதி அள்ளுவதென்று அழகாக அட்டவணை போட்டேன். மூன்று மாதம் எல்லா எண்ணும் ஒன்றுபோலவே வந்தது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் சொன்னபோது சிரித்தார். "யூரியா எறிஞ்சி, தண்ணி வடிய விடுற கிழமையில வாங்க மகள். திகதி பார்த்தா தண்ணி ஓடுது?" அதற்குப் பிறகு அவருடைய பெரும்போகக் கணக்குதான் என் அட்டவணை. அந்தக் கிழமை எண்கள் துள்ளி எழுந்தன.

அபாயாவுக்குக் கீழே கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கும் பெண்பிள்ளையை ஊர் சும்மா பார்க்காது. வாப்பா கரையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி காவலிருப்பார். "ஆரும் விழுந்துட்டாங்களா?" என்று இரண்டு பேராவது நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவார்கள். எரிச்சல்பட்டு என்ன பயன்? நின்று பதில் சொல்லுங்கள். முதலை எந்த மேட்டில் வெயில் காயும் என்பதை மாடு மேய்க்கிறவர் ஒருவர் அப்படித்தான் எனக்குக் காட்டித் தந்தார். பல்கலைக்கழகத்துப் படிவம் எதிலும் அந்த மேடு இல்லை.

அப்படி நின்றவர்களில் ஒருவர்தான் வீச்சுவலை மாமா. நான் மேலாக ஒரு வாளி அள்ளி, உப்பு மீட்டரை விட்டு, நல்ல தண்ணீர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். தோணியிலிருந்தே சொன்னார்: "மேல்தண்ணிய அள்ளிட்டுப் போறிங்க மகள். அடியில உப்புக் கரிக்கும்." முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடல்நீர் கனதியானபடியால் அடியால் நுழையும், ஆற்றுநீர் அதன் மேலே மிதந்து போகும். விரிவுரையில் படம் போட்டுப் படித்ததுதான். ஆற்றில் நின்றபோது ஞாபகம் வரவில்லை. மறுமுறை ஒரு போத்தலில் கல்லைக் கட்டி, வாய்க்குத் தக்கை அடைத்து, தக்கைக்குத் தனி நூல் கட்டிக் கொண்டு போனேன். இரண்டு மீற்றர் இறக்கி நூலைச் சுண்டினால் அடித்தண்ணீர் குமிழியடித்துக்கொண்டு ஏறும். நாக்கு நுனியில் வைத்ததுமே தெரிந்தது. (ஆய்வுக்கு அள்ளிய தண்ணீரை ருசி பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன்.) அதுவரை எழுதியதெல்லாம் ஆற்றின் மேற்தோல்.

ஒட்சிசனை ஆற்றங்கரையிலேயே பிடித்துவிட வேண்டும், ஆய்வுகூடம் போகும்வரை அது காத்திருக்காது. 300 மில்லிலீற்றர் போத்தலைக் காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாமல் நிரப்பி, மங்கனீசு சல்பேற்றும் காரம் சேர்ந்த அயடைட்டும் விட்டு மூடிக் குலுக்கினால், ஒட்சிசன் இருக்கும் தண்ணீரில் கபில நிறப் படிவு மெல்ல இறங்கும். ஊருக்குள் குப்பையடைத்துத் தேங்கிக் கிடந்த ஒரு தோணாவில் அதையே செய்தபோது படிவு பால்போல வெள்ளையாய் நின்றது. மீன் மூச்சுவிட அதில் ஒன்றுமில்லை.

என்னைப்போல ஆர்க்டிக் ஆறுகளில் தண்ணீர் அள்ளும் மாணவர்கள் எழுதியதை அந்த நாட்களில் தேடித் தேடி வாசித்தேன். உலகக் கடல்நீரில் நூற்றில் ஒரு பங்குதான் ஆர்க்டிக் சமுத்திரத்தில். ஆனால் உலக ஆறுகள் கொண்டுவரும் நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் லேனா, யெனிசேய், மெக்கென்சி போன்ற ஆறுகளால் அதற்குள் விழுகிறது. உறையவைக்கும் போத்தலில் அவர்கள் மேலே கொஞ்சம் இடம் விடுவார்கள். தண்ணீர் உறைந்து விரிந்தால் போத்தல் வெடித்துவிடும். எனக்கோ ஐஸ் நிற்பதே பாடு. மீன் சந்தையில் கட்டியாக வாங்கி, மரத்தூளில் புதைத்து, சாக்கால் சுற்றித்தான் மத்தியானம்வரை காப்பாற்றுவேன். நுளம்பு மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது.

கல்லுக்கட்டிய போத்தலை மாமாவிடமே விட்டுவிட்டு வந்தேன். போன மாரியில் வாப்பாவுக்கு அவரிடமிருந்து போன். "முகத்துவாரம் உடைஞ்சிட்டு. மகளிட்டச் சொல்லுங்க, இப்ப அள்ளினா நல்லம்." ஆய்வறிக்கையைக் கொடுத்து மூன்று மாதமாகியிருந்தது. எழும்பிப் போய்ப் போத்தல்களைக் கழுவினேன்.