திரை பார்க்கும், தாங்குவது கைதான்

கேள்வி: என் மகள் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிகளை வேறு அறையில் உட்கார்ந்து திரையில் கவனிக்கும் ஏற்பாடு வரப்போகிறதாம். ஆட்குறைப்புக்கு இது அச்சாரமா?
– ஒரு வாசகி, கரமனை

பதில்: தொலைவிலிருந்து நோயாளியைக் கவனிப்பது உங்கள் ஊருக்குப் புதிதல்ல. அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையம் 2000-களின் தொடக்கத்திலேயே, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உதவியுடன், ‘ஆன்கோநெட்’ என்ற வலைப்பின்னல் மூலம் வெளியூர் நோயாளிகளின் தொடர்சிகிச்சையைக் கவனித்தது. இப்போது வரும் ஏற்பாடு, வார்டுக்குள் இருக்கும் நோயாளிகளையே கவனிப்பது.

சாதாரண வார்டில் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கப்படும். நிலைமை சரிவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். நோயாளியின் நிலை சரிவதை மதிப்பெண் போட்டு முன்கூட்டியே எச்சரிக்க, பிரிட்டனில் 2012-இல் வந்த ‘நியூஸ்’ முறையில் மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். மொத்தம் 7 ஆனால் அவசர உதவி. புதிய ஏற்பாட்டில் கருவி இவற்றை இடைவிடாமல் எண்ணும். கேமரா, கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கும் முதியவரைக் காட்டும். ஆனால் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்க ஆள்தான் வேண்டும்.

எனவே உங்கள் மகள் நிர்வாகத்திடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: அலாரம் அடித்தால் போவது யார்? வீண் அலாரங்களைக் குறைக்க என்ன வழி? கேமராவுக்கு நோயாளியின் சம்மதம் உண்டா? பதில் தெளிவாக இருந்தால் திரை அவருக்குத் துணை. ‘ஆளுக்குப் பதில் திரை’ என்றால், உங்கள் பயம் நியாயமே.