பயம் நோயாகும்போது

செப்டெம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையில் ரொறன்ரோ வாவிக்கரையில் ஆண்டுதோறும் விமானக் கண்காட்சி நடைபெறுவதை அன்பர்கள் அறிவீர்கள். இங்கு பிறந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறார்கள். நம்மில் சிலருக்கோ அந்த இரைச்சல் கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது, கண் பங்கரைத் தேடுகிறது. குண்டுவீச்சைக் கண்ட உடம்பு அப்படித் திடுக்கிடுவது இயல்பே. அது மட்டும் நோயல்ல.

காரணமின்றியும் அதே படபடப்பு வந்து, மாதக்கணக்கில் நித்திரையைக் கெடுத்து, வேலைக்கோ கடைக்கோ போகவிடாமல் மறிக்கும்போதுதான் வைத்தியர்கள் அதைப் பதகளிப்பு நோய் என்கிறார்கள். சிலருக்கு ஓயாத கவலை. சிலருக்குச் சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறும் பீதி. இதற்கு நெருங்கிய உறவான போர்க்கால மனவடுவைப் பற்றி யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமிழிலேயே நூல் எழுதியிருக்கிறார்.

ரொறன்ரோத் தமிழர் 1,600 பேர் வரையில் விசாரித்து, மோர்ட்டன் பைசர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் 12 வீதமானோரிடம் மனவடு நோய் காணப்பட்டது. அவர்களுள் உதவி நாடியோர் மிகச் சிலரே. 'விசர்' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை குடும்பங்கள் வாய்மூடி இருக்கின்றன!

நோயும் வேறு வேடத்தில் வருகிறது. நெஞ்சு நோ, தலைச்சுற்று, மூச்சுமுட்டு. நெஞ்சு நோவென்றால் முதலில் இருதயத்தைச் சோதிப்பதே முறை. சோதனையில் குறையில்லை என்றால் "ஒன்றுமில்லை" என்று வீடு திரும்பாமல், பதகளிப்பாக இருக்குமோ என்று குடும்ப வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

சுரங்க ரயிலில் பீதி கண்ட ஒருவர் பிறகு ரயிலையே தவிர்ப்பார். அன்றைக்கு நிம்மதிதான், ஆனால் அது வட்டிக்கு வாங்கிய நிம்மதி (கணக்காளர் புத்தி எங்களை விடாது). நாளடைவில் பஸ்சும் பயம், சந்தியும் பயம். அறிதல் நடத்தைச் சிகிச்சை இந்த வட்டியைப் படிப்படியாக அடைக்கிறது: முதலில் நிலையத்து வாசல், பிறகு துணையோடு ஒரு தரிப்பு, பிறகு தனியே. ஓடாமல் நின்றால் படபடப்பு தானாக இறங்குவதை உடம்பு கற்றுக்கொள்கிறது.

செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் பலன்தரச் சில வாரங்கள் செல்லும். பத்து நாளில் சுகமில்லை என்று நீங்களாகவே நிறுத்தவேண்டாம். லொராசபாம் வகை உடனே அமைதி தரும். நெடுநாள் எடுத்தால் பழக்கமாகிவிடும்.

குடும்ப வைத்தியருக்கும் அவர் அனுப்பும் உளமருத்துவருக்கும் ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதி பணம் கொடுக்கிறது. தனியார் உளவியலாளருக்கு நாம் கொடுக்கவேண்டும். மாகாணத்தின் இலவச உளச்சிகிச்சைத் திட்டமும் உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் எந்நேரமும் 988ஐ அழைக்கலாம்.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவேண்டாம். தாய் தகப்பன் பட்டதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது அவர்களுக்கும் பாரம், நமக்கும் பாதிதான் வெளியே வரும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.