அடியில் உள்ள எண்ணும் உள்ளே இருந்த சரக்கும்

நம் சமையலறை அலமாரியில் வெளியே எழுதியிருப்பதே உள்ளே இருக்கும் டப்பாக்கள் குறைவு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவில் தோசை மாவு, ஜாம் பாட்டிலில் சீரகம், மாத்திரை டப்பியில் ஊக்கும் ஊசியும். டால்டா டின்னில் துளசி வளர்த்த வீடுகளின் வாரிசுகள் நாம். காலியானதை வீசாமல் கழுவிக் கவிழ்த்து வைப்பது நல்ல பழக்கம்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் அதைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாட்டி சொன்னவை சில, வாட்ஸ்அப்பில் வந்தவை சில. பெரும்பாலும் பாட்டிதான் ஜெயிக்கிறார்.

“அடியில் 5 என்று இருந்தால் நல்லது, 1 என்று இருந்தால் ஒரே முறைதான்.”

முக்கோணத்துக்குள் இருக்கும் அந்த எண், 1988-ல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கை வகை பிரிப்பவர்களுக்காக வந்தது, சமைப்பவர்களுக்காக அல்ல. 1 என்றால் பெட், அதாவது தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். சாப்பாட்டு டப்பாக்களில் பல அதுதான். எத்தனை முறை பயன்படுத்தலாம், எவ்வளவு பாதுகாப்பு என்பதையெல்லாம் அந்த எண் சொல்வதே இல்லை. எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்தால் சூட்டை எப்படித் தாங்கும் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். 3 (பிவிசி), 6 (பாலிஸ்டைரீன்) ஆகிய இரண்டிலும் சூடான சாப்பாட்டை வைக்காமல் இருப்பது நல்லது.

எண்ணை நம்பினால் எங்கே இடறும் என்பதற்குப் பெயிண்ட் வாளியே சாட்சி. வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்ததும் மிஞ்சும் 20 லிட்டர் வாளி பல வீடுகளில் குடிநீர்த் தொட்டியாகவோ அரிசி டிரம்மாகவோ பதவி உயர்வு பெறுகிறது. அதன் அடியிலும் பெரும்பாலும் 5 என்றே இருக்கும். டிபன் பாக்ஸின் எண்தான்! ஆனால் அதற்குள் இருந்தது எமல்ஷன் பெயிண்ட். பூஞ்சை பிடிக்காமலும் கெட்டுப்போகாமலும் இருக்க அதில் ரசாயனங்கள் சேர்க்கிறார்கள். பிளாஸ்டிக் தன்னோடு இருந்ததைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். எத்தனை தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அந்த வாளி குளியலறைக்கு ஆகும், செடிக்கு ஆகும், துணி ஊறவைக்க ஆகும். வாய்க்குப் போகும் எதற்கும் ஆகாது. எந்த டப்பாவானாலும் நான் முதலில் பார்ப்பது அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதைத்தான். எண் அப்புறம்.

“தண்ணீர் பாட்டிலை மறுபடி நிரப்பினால் புற்றுநோய்.”

இது பல வேடம் போடும். ஃப்ரீசரில் வைத்தால் டயாக்சின் வரும் என்பது ஒரு வேடம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ரால்ஃப் ஹால்டன் 2004-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: பாட்டில் பிளாஸ்டிக்கில் டயாக்சின் இல்லை; குளிர்ச்சியோ ரசாயனங்கள் கசிவதைக் குறைக்கத்தான் செய்யும். பிஸ்பினால்-ஏ கசியும் என்பது இன்னொரு வேடம். அது பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக்கின் சங்கதி. பால் பாட்டில்களை அந்தப் பிளாஸ்டிக்கில் செய்யக்கூடாது என்று 2015-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொன்னதும் அதனால்தான். பெட் பாட்டிலில் பிஸ்பினால் இல்லை.

பெட்டில் நிஜமாகவே இருப்பது ஆன்டிமனி. தயாரிப்பில் வினையூக்கியாகச் சேர்ப்பது. சூடு ஏறினால் அது தண்ணீரில் இறங்கும். எவ்வளவு சூட்டில், எத்தனை நாளில் என்பதை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்து 2008-ல் வெளியிட்டார்கள். அமெரிக்கக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட 60 டிகிரி செல்சியஸில் 176 நாள் ஆகிறது. 80 டிகிரியில் 2.3 நாள் போதும். ஆக, ஒரு மத்தியானம் காரில் கிடந்த பாட்டிலுக்காக யாரும் அலற வேண்டியதில்லை. கோடை முழுக்க டிக்கியில் கிடந்ததைக் குடிக்கவும் வேண்டாம். கொதிக்கும் ரசத்தை அதில் ஊற்றவே வேண்டாம். ஊற்றினால் பாட்டிலே சுருங்கிக் கோணிக்கொண்டு தன் எதிர்ப்பைக் காட்டிவிடும்.

அந்தப் பாட்டிலின் உண்மையான குறை, கழுத்து குறுகலாக இருப்பது. கை நுழையாது, தேய்க்க முடியாது. வாய் வைத்துக் குடித்து, அலசாமல் மறுபடி மறுபடி நிரப்பினால் உள்ளே வளர்வது கிருமி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அகன்ற வாயுள்ள ஸ்டீல் பாட்டில் வாங்கிக் கொடுக்க இந்தக் காரணம் ஒன்று போதும், புற்றுநோயைக் கூப்பிட வேண்டாம்.

“கண்ணாடி என்றால் எதற்கும் பயமில்லை.”

கண்ணாடி எதையும் உறிஞ்சாது, வாசனை பிடிக்காது, உண்மை. ஆனால் ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாம் சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான குழம்பை ஊற்றினால் விரிசல் விடும். ஓவனில் வைக்கச் செய்த போரோசிலிகேட் கண்ணாடி வேறு சாதி. ஃப்ரீசரில் வைப்பதென்றால் மேலே இடம் விட்டு நிரப்புங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துவிடும்.

பாட்டில் தப்பித்தாலும் மூடி தப்பிப்பதில்லை. தகர மூடியின் உட்புறப் பூச்சை உப்பும் புளிப்பும் சேர்ந்து அரித்துவிடும், பிறகு துரு. அதன் ரப்பர் வளையத்தில் பழைய ஊறுகாய் வாசனை வருஷக்கணக்காகக் குடியிருக்கும். ஊறுகாயை ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டிய பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய் போடுகிறவர்கள் பிளாஸ்டிக் மூடி உள்ளதாகப் பார்த்து எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

“மூடி இறுக்கமாக இருந்தால் வண்டு வராது.”

வண்டு வெளியிலிருந்து வருகிறது என்ற எண்ணத்தில் பிறந்த நம்பிக்கை இது. அரிசி வண்டு கடையிலோ கிடங்கிலோ இருக்கும்போதே அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர்ச் சூட்டில் சுமார் ஒரு மாதத்தில் வளர்ந்த வண்டாக அது வெளியே வரும்போது, பாவம், டப்பாதான் பழி சுமக்கிறது. காற்றே புகாத கலத்தில் வாய்வரை தானியம் நிரப்பி மூடி வைத்தால் ஆக்சிஜன் தீர்ந்து வண்டு சாகும். தானியச் சேமிப்பில் இதை ஒரு முறையாகவே கையாள்கிறார்கள். தினமும் திறக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அது நடக்காது.

ரவை, கோதுமை மாவு, பயறு போன்றவை வாங்கி வந்ததும் நான்கு நாள் ஃப்ரீசரில் (மைனஸ் 18 டிகிரி) வைத்து, வெளியே எடுத்து ஈரம் போனபின் டப்பாவில் கொட்டுங்கள். முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். இன்னொன்று: பழைய சரக்கின் மேல் புதுச் சரக்கைக் கொட்டக் கூடாது. டப்பா காலியாகி, கழுவி, காய்ந்த பிறகுதான் அடுத்தது. ‘ஈரக் கை வைக்காதே, அடி வழிக்காமல் நிரப்பாதே’ என்று அதட்டிய பாட்டி சொன்னதும் இதைத்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பிளாஸ்டிக் டப்பாவில் படிந்த மஞ்சள் கறை அழுக்கு அல்ல, மஞ்சளின் நிறமிதான். வெயிலில் காயவைத்தால் மங்கிவிடும். ‘மைக்ரோவேவில் வைக்கலாம்’ என்று ஓட்டல் பார்சல் டப்பாவில் எழுதியிருப்பது டப்பா உருகாது என்பதற்கான உறுதிமொழி மட்டுமே. எண்ணெய் மிதக்கும் குழம்பு தண்ணீரைவிட அதிகச் சூடேறும். பீங்கானுக்கு மாற்றிச் சூடாக்குவதே மேல். ‘சாப்பிடாதே’ என்று அச்சடித்த வெள்ளைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் விஷம் அல்ல. குழந்தை விழுங்கினால் தொண்டையில் அடைக்கும் என்பதே பயம். நீல நிற மணிகள் வேறு. அவற்றில் கோபால்ட் குளோரைடு இருக்கக்கூடும், சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள். ஒரு சிரப்பின் அளவு மூடியை இன்னொரு சிரப்புக்கு எடுக்கும் பழக்கமும் வேண்டாம். கோடுகள் ஒன்றுபோல் இருக்காது, குழந்தைக்கு 2.5 மி.லி.க்கும் 5 மி.லி.க்கும் இடையில் பெரிய தூரம்.

“மணி பிளான்ட் பாட்டிலில் தண்ணீரை மாற்றினால் கொசு வராது.”

பாதி உண்மை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் பிடிக்கும். ஒரு பாட்டில் மூடி அளவு தண்ணீர் போதும். அது முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் கொசு. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால்தான் பலன். ‘பிறகு உதவும்’ என்று மொட்டை மாடியில் சேர்த்து வைத்த டப்பாக்களையும் இப்போதே போய்ப் பாருங்கள். கவிழ்த்து வைக்க முடியாதது வீட்டுக்குள் வரட்டும், இல்லையேல் பழைய பேப்பர்காரரிடம் போகட்டும்.

“மேலே பெயர் எழுதி ஒட்டிவிட்டால் போதும்.”

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி சாப்பாட்டை வேறு டப்பாவில் போடுவது பற்றி. அதில் வரும் கேடு பெரும்பாலும் சிறியது, மெதுவானது. ஆனால் அடியில் எண் தேடிப் பயப்படும் அதே வீட்டில், குளியலறை மூலையில் குளிர்பானப் பாட்டிலில் ஆசிட் நிற்கும். தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெயோ தின்னரோ இருக்கும். பயத்தைத் தப்பான இடத்தில் செலவழித்துவிட்டோம். பினாயிலைத் தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி வெளுக்கிறது. தின்னரும் ஆசிடும் பார்க்கத் தண்ணீர். மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியாது, பாட்டிலின் வடிவம் தெரியும். அது ஜூஸ் பாட்டில், குடிக்கலாம் என்று நாமேதான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். ராத்திரியில் கண்ணாடி போடாமல் தண்ணீர் தேடும் தாத்தாவுக்கும் உங்கள் லேபிள் உதவாது.

பூச்சிமருந்து விஷயத்தில் சட்டமே இருக்கிறது. காலிக் கலத்தை யாரும் திரும்ப எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி அழிக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. மூன்று முறை அலசினால் குடம் ஆகிவிடும் என்பது வயல்வெளியில் இன்னும் உயிரோடிருக்கும் நம்பிக்கை. ஆகாது. மருந்தைச் சின்னப் பாட்டிலில் பிரித்து வாங்கி வருவதும் அதே அளவு ஆபத்து. அசல் லேபிளில் எந்த ரசாயனம், என்ன விஷமுறிவு மருந்து, எவ்வளவு நச்சு என்று காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை அடையாளம் எல்லாம் இருக்கும். பாட்டில் மாறினால் மருத்துவருக்கு அத்தனையும் போயிற்று.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் மேலே ஏறும்போது நுரையீரலுக்குள் போகும். ஆசிட் போன வழியை இரண்டாம் முறையும் பொசுக்கும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எந்தப் பாட்டிலிலிருந்து குடித்தார்களோ அதையும், கிடைத்தால் அசல் பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.