நிழற்படங்களை அடுக்கி ஆழங்காட்டும் முறை

நிழற்படம் தட்டையானது. நாம் கண்ட குன்றும் குளமுமோ முன்னும் பின்னுமாய் நிற்பவை. ஒரு படத்தின் பிரதிகளைக் கத்தரித்து அடுக்கடுக்காய் ஒட்டி, ஆல்பத்தின் ஏட்டிலேயே அவ்வாழந் தோன்றச் செய்யும் வகையை ஈண்டு விளக்குவாம்.

இவ்வாசை நம் புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதன்று. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் 1858-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைக் காட்சிகளைத் தனித் தொகுதியாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே திருச்சிராப்பள்ளி, தஞ்சை முதலிய இடங்களை, கண்ணுக்கொன்றாக அமைந்த இரட்டைப் படங்களாகவும் வெளியிட்டனர். அவற்றை உரிய கருவியில் வைத்து நோக்கின், இரண்டும் ஒன்றாய் இணைந்து, தூண்கள் எழுந்து நிற்கக் காணலாம். அக்காலத்து இரசாயனம் நீல நிறத்திற்கு மிகுதியும் வசப்பட்டமையால் வானம் வெறும் வெள்ளையாய் விழும். ஆகவே டிரைப் தம் நெகடிவ் தாளிலேயே மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்ப்பதும் உண்டு!

கருவியின்றியும் ஆழத்தை உணர வழியுண்டு. ஒன்று மற்றொன்றை மறைக்குமாயின், மறைப்பது அண்மையது, மறைவது சேய்மையது என மனம் தானே கொள்ளும். நம் முறை இதனையே பற்றியது.

திருமயம் கோட்டையின் படமொன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். அதனை ஒரே அளவில் மூன்று பிரதி எடுத்துக்கொள்க. முதற் பிரதியை முழுமையாக அட்டையில் ஒட்டுக. வானம் அதில் நிற்கும். இரண்டாவதில் வானத்தை நீக்கி, மலையையும் மதிலையும் மட்டும் கத்தரித்தெடுக்க. மூன்றாவதில் முன்னிற்கும் மரங்கள் மட்டும் போதும். அடுக்குகளுக்கிடையே இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள சிறு அட்டைத் துண்டுகளை, வெளியே தெரியாதவாறு, பின்புறத்தில் ஒட்டுக. நான்காம், ஐந்தாம் அடுக்கு வேண்டுவோர் உளர். எனக்கு அது பொம்மைக் கொலுவாகவே தோன்றுகின்றது.

வெட்டிய விளிம்பில் தாளின் வெண்மை தெரிந்தால் மாயம் கலையும். அவ்விளிம்பைச் சாம்பல் நிறப் பென்சிலால் மெல்லத் தடவுக. மேலும், படத்தில் வெயில் இடப்புறத்தினின்று வீழ்ந்திருக்க, ஏட்டின்மேல் விளக்கொளி வலப்புறத்தினின்று வீழுமாயின், அடுக்குகளின் நிழல் படத்தின் நிழலோடு பகைக்கும். ஒளி வரும் திசையறிந்து வைத்துப் பார்த்தல் வேண்டும்.

மக்கள் உருவப் படங்களில் எதனை உயர்த்துவது? தஞ்சாவூர் ஓவியர், சுண்ணப்பொடியும் பசையும் கலந்து ஆபரணங்களையும் ஆடையையும் புடைக்கச் செய்வர்; முகத்தைத் தட்டையாகவே விடுவர். செட்டிநாட்டு வீடுகளில், 1894-இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் தெய்வப் படங்களுக்குச் சரிகையும் மணியும் தைத்தவர்களும் முகத்தைத் தொட்டிலர். நாமும் மாலையையோ நாற்காலியையோ உயர்த்தலாம். பாட்டியாரின் முகத்தைத் தனியே கத்தரித்து உயர்த்தினால் அது முகமூடியாகிவிடும்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான விஷயம். வீட்டிலுள்ள மூலப்படத்தின்மேல் கத்தரி படலாகாது. பழைய படங்கள் பல முட்டை வெண்கரு பூசிய மெல்லிய தாளில் எடுக்கப்பட்டவை. நெகடிவ் அழிந்துபோன குடும்பங்களில் அவ்வொரு தாளே அம்முகத்திற்குச் சாட்சி. இக்காலத்தில் கைப்பேசியாலேனும் ஸ்கேனராலேனும் பிரதி எடுப்பது எளிதாயிருக்க, மூலத்தை வெட்டுவதற்குக் காரணம் யாதுமில்லை. புத்தகம் கட்டுவோர் பசையிற் கலக்கும் மயில்துத்தம் இராமபாணப் பூச்சியைத் தடுக்குமேனும் தாளைக் கெடுக்கும். அதனையும் மூலத்தின் அருகே கொணரற்க.

ஏடு முடிந்தபின், அடுக்குகளின் உயரத்திற்குச் சமமான அட்டைச் சட்டத்தை நாற்புறமும் ஒட்டுக. இன்றேல் அடுத்த ஏடு அழுத்தி மரங்களை மடக்கிவிடும். மூலப்படத்தைத் தனித் தாளுறையிலிட்டு, உறையின்மேல் ஆண்டு, ஊர், படத்திலுள்ளார் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, அவ்வுறை இருக்குமிடத்தை ஏட்டின் பின்புறத்திலும் குறித்து வைக்க.